இடது கையில் இருந்த குவளை

அந்த மாளிகையைக் கட்டியவர்கள் சாராயம் காய்ச்சிப் பிழைத்த குடும்பம். பிழைத்தார்கள் என்றால் ஊரே சிரிக்கும், கொழித்தார்கள். ஒற்றைச் செம்புக் கொப்பரையில் தொடங்கி, மூன்றாம் தலைமுறையில் பெரிய வடிசாலை, அதற்கு எதிரே இருபத்திரண்டு அறை, பளிங்குப் படிக்கட்டு, ஆளுயரக் கண்ணாடிகள். அத்தனையையும் முப்பது வருஷமாகத் துடைத்தவள் வடிசாலையில் பதம் பார்க்கும் வேலைக்காரனின் மனைவி. அவன் செத்த பிறகு அவளுக்குக் 'குடிகாரன் பெண்டாட்டி' என்றே பெயராகிவிட்டது.

அடப்பாவிகளா, அவன் ஒரு மடக்குக்கூடக் குடித்தவன் இல்லை! வலது கையில் கண்ணாடித் தம்ளர், இடது கையில் தகரக் குவளை. வடிந்து வருவதை நாக்கில் உருட்டிப் பதம் பார்த்துவிட்டுக் குவளையில் துப்பிவிடுவான். வீட்டுக்கு வந்ததும் வாய் கொப்பளித்த பிறகுதான் மகளைத் தூக்குவான். கொதிகலனை மாற்றச் சொல்லி நாலு மாதம் கெஞ்சினான். ஒரு நாள் அது வெடித்து அவனையே கொண்டுபோயிற்று. "போதையில வால்வைத் திறக்க மறந்துட்டான்" என்று முதலாளி சொல்லிவிட்டார். பெரிய இடத்துப் பேச்சுக்கு அப்பீல் ஏது? பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மகளின் முன்னால் தள்ளாடி நடந்து காட்டினார்கள். மகளும் அதை நம்பியே வளர்ந்தாள். கல்யாணமாகிப் போன வீட்டில் அப்பா படத்தை மாட்டவே மாட்டேன் என்றாள்.

வடிசாலை மூடிய பிறகு மாளிகையை ஊர் பார்க்கத் திறந்துவிட ஏற்பாடு நடந்தது. முதலாளி வீட்டு மருமகள் அவளிடம் கேட்டாள்: "வரலாறு எழுதி மாட்டப்போறோம். பழைய ஆளுங்க படம் இருக்காம்மா?"

அவளிடம் இருந்தது புருஷன் வடிசாலையில் நிற்கும் ஒரே ஒரு படம்தான். கொண்டுவந்து கொடுத்தாள்.

"இடது கையைப் பாருங்கம்மா, துப்புற குவளை. அவர் குடிக்கிறவர் இல்லைன்னு சொல்ல இது ஒண்ணுதான் இருக்கு."

"கவலையை விடுங்க, பெருசாவே போட்டுடலாம்."

அன்றே மகளுக்குப் போன் செய்தாள். "ஒரே ஒரு தடவை வாடி. அப்பா கையில என்ன இருந்துச்சுன்னு நீயே பாரு."

திறப்பு நாளில் மகள் வந்துவிட்டாள். கூடத்தில் படம் ஆளுயரத்துக்கு இருந்தது. சிரித்த முகம், உயர்த்திய தம்ளர். இடது தோளோடு நறுக்கியிருந்தார்கள். கீழே ஒரு வரி: 'எங்கள் சரக்கின் முதல் ரசிகர்.'

"இதைக் காட்டவா கூப்பிட்டே?"

"ஐயோ, இந்தப் பக்கம் இருந்துச்சுடி! சத்தியமா இருந்துச்சு!" சட்டத்துக்கு வெளியே சுவரைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

மருமகள் அருகில் வந்தாள். "தப்பா நினைக்காதீங்கம்மா. எச்சில் குவளை அசிங்கமா இருக்குன்னு நான்தான் உங்க படத்துலேயே அதை வெட்டச் சொன்னேன்."

"இதை... இதை என் மககிட்டச் சொல்லுங்கம்மா! ஒரு வார்த்தை! ஓடி வாங்கம்மா!" மருமகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

மகள் ஏறிய பஸ் போய்விட்டிருந்தது. உள்ளே விருந்தாளிகள் கூப்பிட்டார்கள். மருமகள் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டாள்.