எல்லோரும் ஒரே ஜன்னலில்

"திங்கக்கிழமையில இருந்து நீ ஸ்டோர்ஸுக்குப் போயிடும்மா. உன் புரோகிராமும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றார் மேனேஜர்.

தொண்ணூறுகளின் கடைசி. கோலார் தங்கவயலில் ஒரு கனரக இயந்திரத் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் எனக்கு அது ஆறாவது வருஷம். டம்பர் வண்டியின் சட்டம் எவ்வளவு பளு தாங்கும் என்று கணக்குப் போடும் புரோகிராம் நான் எழுதியது. பழைய மெஷினில் இருபது நிமிஷம் ஓடியது, புது மெஷினில் முப்பது. பழி என் தலையில் விழுந்தது.

எனக்குச் சந்தேகம் டி.எல்.பி. மேல். புரோகிராம் கேட்கும் முகவரி வேறு, மெமரியில் நிஜமான இடம் வேறு. மெமரியைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, எது எங்கே என்று ஒரு பெரிய பட்டியல் சொல்லும். சமீபத்தில் கேட்ட பக்கங்களை மட்டும் பிராசஸர் தன்னிடமே சின்னப் பட்டியலாக வைத்துக்கொள்ளும், அதுதான் டி.எல்.பி. என் கணக்கு நூற்றுக்கணக்கான பக்கங்களில் தாவித் தாவி ஓடியது. ஒவ்வொரு தாவலுக்கும் பெரிய பட்டியலைப் புரட்டினால் நேரம் ஆகாதா? ஒரு பக்கத்தின் வேலையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும்படி கணக்கின் வரிசையை மாற்றினால் போதும். ஆனால் ஒப்புதல் வாங்கிய புரோகிராமில் ஆதாரம் இல்லாமல் கைவைக்க மேனேஜர் விடமாட்டார்.

வெள்ளிக்கிழமை அளந்தேன். பக்கத்துக்கு ஓர் இடமாக, ஒரு பக்கத்தின் அளவான 4096 பைட் தள்ளித் தள்ளித் தொட்டு, எத்தனையாவது பக்கத்தில் நேரம் எகிறுகிறது என்று பார்த்தேன். ஐந்தாவதிலேயே எகிறியது. அப்படியென்றால் டி.எல்.பி.யில் நாலு பக்கத்துக்குத்தான் இடம்.

"இன்னாம்மா இது? புக்ல அறுபத்திநாலுன்னு போட்டுக்குது, நீ நாலுன்றே. அளக்கவே தெரியல, புரோகிராம் எழுத வந்துட்டே!" என்றார் மேனேஜர்.

சனிக்கிழமை அரைநாள் வேலை. அதற்குள் சரியான எண்ணைக் காட்டியே தீருவது என்று வீட்டுக்குப் போனேன்.

தங்கச் சுரங்க வழக்கப்படி எங்கள் கேட்டிலும் உள்ளே போகும்போது அவரவர் நம்பர் போட்ட டோக்கனை ஜன்னலில் வாங்கிக்கொள்ள வேண்டும். நம்பரின் கடைசி எண்ணைப் பார்த்துப் பத்து ஜன்னல். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு யாரோ 510, 520, 530 என்று ரவுண்டாகக் கொடுத்துத் தொலைத்திருந்தார்கள். மறுநாள் காலை அத்தனை பேரும் சைபர் ஜன்னலில் முட்டி மோதினார்கள்.

"எல்லாருக்கும் சைபர்ல முடியற நம்பரைக் குட்த்தா நான் இன்னா பண்றது? மத்த ஜன்னல்லாம் காத்து வாங்குது பாரு!" என்று கத்தினார் டைம் கீப்பர் ஆரோக்கியசாமி.

அடக் கடவுளே, நானும் அதைத்தானே செய்திருக்கிறேன்! அடிக்கடி வேண்டிய டேட்டாவை பிராசஸர் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் கேச் என்ற சின்ன மெமரியிலும் முகவரியின் பின்பகுதியைப் பார்த்துத்தான் இடம் ஒதுக்குவார்கள். கம்ப்யூட்டருக்கு 4096 ரவுண்டான எண்; அப்படியே தாவியதால் எல்லாம் ஒரே ஜன்னலுக்குப் போயிருக்கின்றன. அங்கே நாலு பேருக்குத்தான் இடம். நான் அளந்தது அந்த நெரிசலை, டி.எல்.பி.யை அல்ல.

ஓடினேன். ஒவ்வொன்றும் வேறு வேறு ஜன்னலுக்குப் போகட்டும் என்று ஒவ்வொரு தாவலிலும் 32 பைட் கூட்டினேன். அறுபத்து நான்கு பக்கம் வரை ஒரு தொடுதலுக்கு மூன்று கிளாக், அதாவது பிராசஸரின் மூன்று துடிப்பு; அறுபத்தைந்தில் ஏறத் தொடங்கி எண்பதில் ஒன்பது. மூன்று தடவை ஓட்டினேன், அதே எண்.

மேனேஜர் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "சரி, வரிசைய மாத்து."

மாற்றினேன். பதினொரு நிமிஷம். விடைகள் பழையபடியே வந்தன.

"இன்னொரு வாட்டி ஓட்டு."

மறுபடியும் பதினொன்று. ஸ்டோர்ஸ் ஆர்டரை டிராயரில் போட்டுப் பூட்டினார். கிழிக்கவில்லை, மனுஷன்!

திங்கட்கிழமை ஆரோக்கியசாமிக்கு நன்றி சொன்னேன். "நான் இன்னாம்மா பண்ணேன்? கத்தினேன், அவ்ளோதான்" என்றார்.

அதற்குப்பின் எந்த எண் வந்தாலும் முதலில் சந்தேகப்படுவது நான் அளந்த விதத்தைத்தான். ரவுண்டான எண்ணை வைத்து அளந்திருந்தால், இரண்டு தடவை சந்தேகப்படுவேன்.