சாயம் போகாத குருவி

மஞ்சுளா பர்மாவில், கியாக்டடா பேட்டையில், சூலே பகோடா என்ற புத்தர் கோயிலுக்குப் பக்கத்தில் குருவி விற்பவள். புண்ணியம் வேண்டுகிறவர்கள் கூண்டிலிருந்து ஒன்றை வாங்கி, அங்கேயே பறக்க விட்டுப் போவார்கள். பதினெட்டு வருடத் தொழில். யார் எதைச் சொன்னாலும் உடனே நம்பிவிட மாட்டாள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, பசுந்தாங் பேட்டையில் அவள் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கும் யாசர் ஓர் அட்டைப்பெட்டியோடு வந்தான். மிங்கலாடோன் விமான நிலையத்தில் சரக்கு இறக்குகிறவன். பெட்டிக்குள் சின்னதாக ஒரு பறவை. தலை இளம்பச்சை, நெஞ்சு நீலம், முதுகு கறுப்பு, வாலுக்கு மேலே செக்கச்சிவப்பு.

"தென்னமெரிக்கக் காட்டுக் குருவியாம், அக்கா. கேட்க ஆளில்லாத சரக்குல கிடந்துச்சு. கூட வந்ததெல்லாம் செத்துப்போச்சு. வளர்க்கத் தெரிஞ்ச ஆள் கிடைக்கிற வரைக்கும் வச்சிருங்க."

"யார்கிட்ட கதை விடுற? இது சாயம் பூசின குருவி."

அவன் போனதும் ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாள். துணியில் ஒன்றும் ஒட்டவில்லை. நெல்லைத் தொடாத பறவை பப்பாளியைக் கொத்தித் தின்றது. அதன் தலையிலிருந்து உதிர்ந்த பச்சை இறகை விரித்துப் பார்த்தாள். அடிப்பாகம் கறுப்பு. கறுப்புக் குருவிக்குப் பச்சை அடித்திருக்கிறான் என்று முடிவுகட்டினாள். ஏமாற்றுச் சரக்கு என்று போலீஸ் வந்தால் தன்னைத்தான் பிடிப்பார்கள் என்று பயந்து, கூண்டைக் கட்டிலுக்குப் பின்னால் மறைத்து வைத்தாள். படிக்கட்டில் யாசரைப் பார்க்கும்போதெல்லாம், "ஆள் கிடைச்சாச்சா?" என்பாள். "தேடுறேன் அக்கா" என்று வேகமாக இறங்கிவிடுவான். அந்த வேகமும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, இறகு உதிர்ந்த இடத்தில் புதிதாக ஒன்று முளைத்திருந்தது. அதுவும் பச்சை. கட்டிலுக்குப் பின்னால் முளைத்த இறகுக்கு யாரும் சாயம் பூசியிருக்க முடியாது.

மறுநாள் யாசர், பறவை வளர்க்கத் தெரிந்த உஸ்மா என்ற மிருக வைத்தியரை அழைத்து வந்தான். மஞ்சுளா அவருடைய அடையாள அட்டையை வாங்கி, படத்தையும் முகத்தையும் இரண்டு முறை ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகு யாசரிடம் மெதுவாகச் சொன்னாள்:

"முன்னாடி நான் குருவிக்குச் சாயம் பூசி வித்திருக்கேன். இறகைக் கோதிக் கோதி, சாயம் வயித்துக்குள்ள போய் எல்லாம் செத்துச்சு. அதான் உன்னை அப்படி நினைச்சேன்."

யாசர் கூண்டைத் தூக்கினான். "சரி, வாங்க அக்கா. பறவை எங்கே போகுதுன்னு நீங்களே வந்து பார்த்துக்கங்க."

அவள் அன்று கடை போடவில்லை. டாக்சியில் முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். உஸ்மா வீட்டுக் கம்பிவலைக் கொட்டகையில் அந்தப் பறவை இன்னும் உயிரோடு இருக்கிறது. மஞ்சுளா மாதம் ஒரு முறை பப்பாளியோடு போவாள். போனதும் முதலில், தண்ணீர் மாற்றினார்களா என்று கிண்ணத்தை எடுத்து முகர்ந்து பார்ப்பாள்.