பம்மலில் ஒரு ஜெர்மானியரின் கடைசி ஆட்டம்

ஐயா, அல்லது அம்மையீர்,

பந்தாட்டக்காரர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தாங்கள் தொகுத்து வருவதாக அறிந்தேன். ஜெர்மனி தேசத்தில் சம்பளத்துக்குக் கோல் காத்த ஒருவர் ஆடிய ஆட்டங்களில் ஒன்று தங்கள் தொகுப்பில் நிச்சயமாக விடுபட்டிருக்கும். அதை நேரில் கண்டவர்களுள் நானும் ஒருத்தி. அப்போது எனக்கு எட்டு வயதிருக்கலாம்.

என் தகப்பனார் பம்மலில் ஒரு தோல் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தார். அங்கே புதிதாக வந்திறங்கிய இயந்திரத்தைப் பொருத்திக் கொடுக்க வந்தவர்தான் அந்த மனிதர். அவர் பெயர் எங்கள் எவர் வாயிலும் நுழையாததால் ஜெர்மன்காரர் என்றே அழைத்தோம். பெயர் தெரியாத ஒருவரை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்ற சிரமத்தைத் தங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

பல ஆண்டுகள் தம் ஊர்க் குழுவுக்குக் கோல் காத்தவர் அவர். கடைசியாக ஆடிய ஆட்டத்தில், குழந்தைகூடத் தடுத்துவிடக்கூடிய ஒரு பந்து அவர் கைக்குள் வந்து நழுவிப் போய்விட்டதாம். சொந்த ஊர்க்காரர்களே கூச்சலிட்டு ஏசினார்களாம். அத்துடன் குழுவும் அவரை அனுப்பிவிட்டது. அவரும் இனிக் கோலில் நிற்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார். தேநீர் வேளையில் அவர் சொன்னதை அப்பா வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னார்.

இதைக் கேட்ட பிறகும், எங்கள் குழுவுக்குக் கோல் காக்கச் சொல்லிச் சித்தப்பா அவரை விடவில்லை. சித்தப்பா தொழிற்சாலைக் குழுவின் கேப்டன். ஆயுத பூசை மாலையில் பக்கத்துத் தொழிற்சாலையுடன் மோதுவது வழக்கம், தோற்பதும் வழக்கம்.

அவ்வாண்டு பூசையில் புதிய இயந்திரத்துக்கு மாலையிட்டு, சந்தனம் குங்குமம் வைத்தார்கள். தொழிலாளர் ஒவ்வொருவரும் தத்தம் கருவிகளைப் படையலில் வைத்தார்கள். ஜெர்மன்காரர் தம் ஸ்பானரை வைத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அறைக்குப் போய் ஒரு ஜோடிப் பழைய கையுறைகளைக் கொண்டுவந்து அதன் அருகில் வைத்தார். அவற்றுக்கும் குங்குமம் ஆயிற்று. பந்தை மட்டும் சித்தப்பா விவரமாக வெளியே ஒளித்து வைத்திருந்தார். பூசையில் வைத்த பொருளை மறுநாள் வரை எடுத்துப் புழங்கலாகாது அல்லவா?

மாலையில் ஆட்டம் தொடங்கும் நேரம் வந்தும், கோல் காக்கும் எங்கள் கோலி, அரக்கோணத்துக்குப் போனவன், திரும்பவில்லை. சித்தப்பா ஓடிவந்து ஜெர்மன்காரர் முன் நின்றார். அவரோ நிம்மதியுடன் படையலைச் சுட்டிக்காட்டினார். கையுறைகள் சாமியிடம் இருக்கின்றனவே!

"க்ளவுஸ் இன்னாத்துக்கு சார்? நம்ம கோலி வெறுங்கையிலதான் நிப்பான். எங்க காலுக்கே ஷூ கெடையாது" என்றார் சித்தப்பா.

அப்பா தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அதை எடுத்துச் சொன்னார். ஜெர்மன்காரர் சித்தப்பாவின் புழுதி படிந்த பாதங்களை நெடுநேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு குனிந்து தம் காலணிகளைக் கழற்றினார்.

கோல் கம்பங்கள் வெறும் மூங்கில்கள். பண்டிகையை முன்னிட்டு அவற்றில் வாழைக்கன்றுகளைக் கட்டியிருந்தார்கள். இலைகளை விலக்கிக்கொண்டு அவர் நடுவில் நின்றபோது, ஏதோ கல்யாணப் பந்தலுக்கு வந்த மாப்பிள்ளை போலவே இருந்தார்.

எதிரணிக் கேப்டன் கேட்டார்: "இன்னா மச்சான், ஜெர்மனிலேர்ந்து ஆள எறக்கிகினு வந்துட்டியா?"

"மிஷின் எறக்குனோம். கூடவே வந்துச்சு" என்றார் சித்தப்பா.

அன்று அவர் பறந்ததை என்னவென்று எழுதுவேன்! வாழையிலைகள் கிழிந்தன, உள்ளங்கைகள் சிவந்தன. சித்தப்பாவின் முழங்காலில் பட்டு, அவரே அறியாமல், எங்களுக்கு ஒரு கோல் கிடைத்தது. ஆனால் ஆட்டம் முடியும் தறுவாயில் எங்கள் ஆள் ஒருவர் கோலுக்கு அருகில் பந்தைக் கையால் தட்டிவிட, எதிரணிக்குப் பெனால்டி கொடுத்துவிட்டார்கள். ஜெர்மன்காரர் தம் கைகளைக் கால்சட்டையில் துடைத்தார். மீண்டும் மீண்டும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எதிரணிக் கேப்டன் வெகு தூரத்திலிருந்து ஓடிவந்தார். திருஷ்டி கழிய வேண்டுமென்று காலையில் அந்த இடத்தில்தான் பூசணிக்காய் உடைத்திருந்தார்கள். அதன் துண்டொன்று அவரை வழுக்கிவிட்டது. அவர் மல்லாந்து விழ, பந்து கோழி நடப்பது போல் மெல்ல உருண்டு வந்தது.

மைதானமே சிரித்தது. ஜெர்மன்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அந்தப் பந்தின்மேல் உடல் முழுவதையும் எறிந்து விழுந்தார். இரு கைகளாலும் அதை மார்போடு அணைத்துக்கொண்டார். விசில் ஊதிய பின்பும் எழவில்லை. சித்தப்பாவும் மற்றவர்களும் அவரை அப்படியே தூக்கித் தோளில் வைத்து ஆடினார்கள். அப்போதும் பந்தை விடாமல், கண்ணீரும் சிரிப்புமாக அவர் ஏதோ கத்திக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அத நான்கூட புடிச்சிருப்பேன்பா" என்றேன்.

"அதாம்மா. அதத்தான் புடிச்சிட்டாரு" என்றார் அப்பா.

அவர் சொன்னது எனக்கு விளங்கவில்லை. எத்தனையோ கடினமான பந்துகளைப் பறந்து தடுத்தவர், இதற்குப் போய் ஏன் இவ்வளவு ஆனந்தப்படுகிறார் என்றே வீடு வரை யோசித்துக்கொண்டு வந்தேன்.

அவருடைய கடைசி ஆட்டம் அவர் ஊரார் ஏசிய அந்த ஆட்டம் அல்ல, பம்மலில் ஆடிய இந்த ஆட்டம்தான். இந்தக் குறிப்பைத் தாங்கள் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.