திராட்சை இல்லாத மூலை

என் அத்தானுக்கு அவரைப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பட்டறையில், தெருவில், எங்கள் குடும்பத்தில், எல்லாருக்கும் அவர் 'நாளைக்கு'தான். குழாய் ஒழுகுதே அத்தான் என்றால், நாளைக்கு. பல் வலிக்கு டாக்டரைப் பார்க்கலையா என்றால், நாளைக்கு. என் அக்காவைக் கட்டிக்கொள்வதற்கு மட்டும்தான் மனிதர் தலைகால் புரியாமல் அவசரப்பட்டார் என்று நான் கேலி செய்வேன். "அதையும் ஒரு நாள் தள்ளிப் போட்டிருக்கலாம்" என்பார், அக்கா காதில் விழுகிற மாதிரி.

அவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அடுத்தவர் வீட்டு ஃப்ரிட்ஜ் என்றால் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு ஓடுவார். போனதும் பையைத் திறக்க மாட்டார். ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். "மோட்டாருக்கு மூச்சு வாங்குது" என்பார், இல்லையென்றால், "ஒண்ணுமில்ல, பின்னாடி தூசி அடைச்சிருக்கு" என்பார். ஒரு நோயாளியைத் தட்டிக் கொடுப்பது போல அதைத் தட்டிக் கொடுத்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பார்.

அவர் வீட்டு ஃப்ரிட்ஜின் கதையே வேறு. கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் காய்ந்து சுருங்கி, கதவு தானாக மூடாது. ஒரு மர முக்காலியை முட்டுக் கொடுத்து வைத்திருப்பார்கள். தண்ணீர் பாட்டில் எடுக்க வேண்டுமென்றால் முக்காலியை நகர்த்து, எடு, காலால் மறுபடி தள்ளு. புது ரப்பர் வாங்காமல் இல்லை. அது சுருட்டி, நூல் கட்டி, அந்த ஃப்ரிட்ஜின் தலைமேலேயே தூசி படிந்து கிடந்தது. மாட்டுவதற்கு அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேரம்தான் வருடக்கணக்கில் வராமல் போனது.

இப்படிப்பட்டவர் ஒரே ஒரு காரியத்தை மட்டும் முன்கூட்டியே செய்வார். சனிக்கிழமை சாயங்காலம் பிரெட்டை ஊறப் போடுவார். ஏதோ ஓட்டலில் குளிர்பதன அறையைச் சரிசெய்யப் போனபோது, அங்கிருந்த சமையல்காரர் ஒரு துண்டு கொடுத்து, செய்யும் விதத்தையும் சொல்லி அனுப்பியிருக்கிறார். பிரெஞ்சு டோஸ்ட் கேசரோல் என்று பெயராம். எங்கள் வீட்டில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. 'ஊறல்' என்று ஆகிவிட்டது. நான் அக்கா வீட்டு மாடியில் குடியிருப்பவள். படிக்கட்டில் நின்று, "அத்தான், ஊறல் போட்டாச்சா?" என்று கத்துவேன். எதிர்வீட்டுக்காரர் ரொம்ப நாள் எங்களைச் சாராயம் காய்ச்சுகிற குடும்பம் என்றே நினைத்திருந்தார்.

முந்தின நாள் பிரெட்டாக இருக்க வேண்டும். கத்தி கூடாது, கையால் பிய்த்துத்தான் போடுவார். கண்ணாடி ட்ரேயில் வெண்ணெய் தடவி, துண்டுகளைப் பரப்பி, முட்டையும் பாலும் சர்க்கரையும் பட்டைத் தூளும் சேர்த்து அடித்து ஊற்றுவார். எல்லாத் துண்டும் குடிக்கிற மாதிரி உள்ளங்கையால் மெதுவாக அழுத்திவிட்டு, மேலே அலுமினியத் தாளைப் போர்த்தி, ஃப்ரிட்ஜுக்குள் வைத்து முக்காலியைத் தள்ளுவார். ஞாயிறு காலை ஓவனில் போட்டால் மேலே மொறுமொறுவென்றும் உள்ளே குழைவாகவும் வரும். "இன்னைக்குச் செஞ்சு நாளைக்குச் சாப்பிடுறது. என் குணத்துக்குன்னே எவனோ கண்டுபிடிச்சிருக்கான்" என்பார்.

அதில் உலர்திராட்சை போடுவார். போடுவார் என்றால், கொட்டுவார். அவருக்கு அது உயிர். என் அக்காவுக்கு அது ஆகவே ஆகாது. செத்த வண்டு மாதிரி இருக்கிறதாம். அதனால் ட்ரேயின் ஒரு மூலையை மட்டும் திராட்சை விழாமல் விட்டுவைப்பார். அது அக்காவின் மூலை. வேறு யாரும் அதில் கை வைக்கக் கூடாது. எனக்கே ஒரு தடவை கரண்டியால் அடி விழுந்திருக்கிறது.

அக்காவோடு சண்டை என்றால் அத்தான் சத்தம் போட மாட்டார். பிள்ளைகள் இல்லாத வீடு, இரண்டே பேர். ஒருவர் மௌனமாகிவிட்டால் வீடே மௌனமாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை வரும். அக்கா தன் மூலையை வெட்டி வாயில் வைப்பாள். பல்லில் ஒரு திராட்சை கடிபடும். மேலே தெரியாமல் பிரெட்டுக்கு அடியில் ஒளித்து வைத்திருப்பார் மனிதர். அக்கா துப்புவாள், திட்டுவாள், பிறகு இரண்டு பேரும் சிரிப்பார்கள். கோபம் இருந்தால் மூலையில் திராட்சை இருக்கும். இல்லையென்றால் இருக்காது. அவர்களுக்குள் அப்படி ஒரு கணக்கு.

அந்தச் சனிக்கிழமை பால் திரிந்துபோயிற்று. காரணம் அந்தக் கதவுதான். அக்கா போட்ட சத்தம் மாடிவரை கேட்டது.

"ஊர்ல இருக்குற ஃப்ரிட்ஜெல்லாம் ஜில்லுன்னு ஓடுது. என் வீட்டுல பால் திரிஞ்சு போகுது. நீங்க இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்!"

கொஞ்ச நேரத்தில் கேட் திறக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன்.

"எங்க அத்தான் கிளம்பிட்டீங்க?"

"பால் வாங்கிட்டு வரேன். உங்கக்கா கொதிச்சிட்டு இருக்கா. நீ கீழ போய் மாட்டிக்காதே."

குனிந்தபடியே சொல்லிவிட்டுப் போனார். முகம் தெரியவில்லை. கோபத்தில் சொன்னாரா, சிரித்துக்கொண்டே சொன்னாரா என்று எத்தனை தடவை யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

திரும்பி வந்து வழக்கம்போல ஊறல் போட்டார். கிண்ணத்தில் முட்டை அடிக்கும் சத்தம் மாடிக்குக் கேட்டது. ஞாயிறு காலை அக்கா அவரை எழுப்பக் கையை வைத்தபோது உடம்பு குளிர்ந்து கிடந்தது. தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

அன்று வீடு முழுக்க ஆட்கள். சாயங்காலத்துக்குள் அவரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் சித்தி, எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சமையலறையைக் கைப்பற்றுகிறவள், டீக்கு வாங்கிய பால் பாக்கெட்டுகளை வைக்க ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

"இது என்னடி ட்ரே? முட்டை வாடை அடிக்குது. எடுத்துக் கொட்டுங்க, இடமாவது ஆகும்."

"தொடாதீங்க" என்றது ஒரு குரல். அக்காதான். எழுந்து வந்தாள். சித்தி கையை விலக்கிவிட்டுக் கதவைச் சாத்தினாள். முக்காலியை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

திங்கட்கிழமையும் அங்கேயேதான். யாராவது வந்தால் சமையலறைக்குள் வந்துதான் அவளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். "இவளுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா?" என்று சித்தி என் காதைக் கடித்தாள். எனக்கு வந்த கோபத்தில், "உங்களுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகலையா சித்தி?" என்று கேட்டுவிட்டேன். பட்டறையில் அத்தானோடு கூட வேலை பார்த்தவர் வந்தார். வாசலிலேயே உடைந்து அழுதவர், உள்ளே வந்து ஃப்ரிட்ஜையும் அதன் தலையில் இருந்த ரப்பரையும் பார்த்தார்.

"அண்ணி, கொஞ்சம் எழுந்தீங்கன்னா இதை மாட்டி விட்டுடுறேன். கையோட வேலை முடிஞ்சிடும்."

அக்கா தலையை ஆட்டினாள். வேண்டாம். அவர் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஊறிய பிரெட் எத்தனை நாள் தாங்கும்? அதுவும் அந்தக் கதவுக்குப் பின்னால்? எல்லாரும் போனபிறகு அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"என்னதான்க்கா நினைச்சிட்டிருக்கே? சுட்டுச் சாப்பிடவும் மாட்டேங்குற, எடுத்துப் போடவும் விடமாட்டேங்குற."

அவள் முதுகைக் கதவோடு இன்னும் அழுத்திக்கொண்டாள். பிறகு, "அந்த மூலையில திராட்சை இருந்தா?" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்னு சொன்னேன்டி. என் வாயாலேயே சொன்னேன். அதைக் கேட்டுட்டுப் போய்த்தான் இதை ஊறப் போட்டாரு. அந்த மூலையில திராட்சை இருந்தா, மனசுல வாங்கிக்கிட்டுத்தான் போயிருக்காருன்னு அர்த்தம். அதைப் பாத்துட்டு நான் எப்படி இருப்பேன்?"

"பாக்காமலே கெட்டுப் போக விடப் போறியா?"

"கெட்டுப் போகட்டும்."

"கெட்டா அதைக் குப்பையில கொட்டப் போறது நான்தான். அத்தான் கையால ஊறப் போட்டதை என்னால கொட்ட முடியாது. உன்னால முடியும்னா நீயே கொட்டு" என்றேன். எழுந்து மாடிக்குப் போய் நன்றாக அழுதேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் கதவு தட்டப்பட்டது. அக்கா நின்றுகொண்டிருந்தாள். முடியைக் கட்டியிருந்தாள்.

"ஓவனை எப்படிடி போடுறது?"

எனக்கும் தெரியாது. இத்தனை வருடம் உட்கார்ந்து தின்றோமே தவிர, இரண்டு பேரும் அந்தத் திருகைத் தொட்டதில்லை. ஒரு படித்த பெண்ணும் ஒரு குடும்பத் தலைவியும் அதன்முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இது மேல் சூடா கீழ் சூடா என்று விவாதம் செய்தோம். அத்தான் இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார்.

தாளை நான்தான் உரித்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். கெட்டுப் போகவில்லை; அவள் முதுகு கொடுத்து உட்கார்ந்ததில் கதவு இறுக்கமாக மூடியிருந்தது போல. பிரெட் பாலைக் குடித்து உப்பியிருந்தது. ஓரிடத்தில் அவர் உள்ளங்கை அழுத்திய பள்ளம் அப்படியே இருந்தது. மேலே ஒரு திராட்சைகூட இல்லை.

"இல்லக்கா. கண்ணைத் திற. எங்கயும் இல்ல."

"அடியில இருக்கும்" என்றாள். "எனக்குன்னா அடியிலதான் வைப்பாரு. இந்தத் தடவை மொத்தமா அடியில கொட்டியிருப்பாரு."

ஓவனில் வைத்தோம். கொஞ்ச நேரத்தில் வீடு முழுக்க வெண்ணெயும் பட்டையும் கலந்த அந்த வாசனை எழுந்தது. செவ்வாய்க்கிழமையில் ஞாயிற்றுக்கிழமையின் வாசனை. அதை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அவர் போனபிறகு அவள் அழுதது அப்போதுதான். நான் தேற்றவில்லை. தேற்ற என்னிடமும் ஒன்றும் இல்லை.

ஒரு ஓரம் கருகித்தான் வந்தது. மேசையில் வைத்து, கத்தியை அக்காவிடமே கொடுத்தேன். அவள் தன் மூலையை வெட்டினாள். விரலால் பிட்டுப் பிட்டுப் பார்த்தாள். இல்லை. பக்கத்துத் துண்டை வெட்டினாள். அதிலும் இல்லை. அடுத்தது, அதற்கடுத்தது. ட்ரே முழுக்கக் கிளறியாகிவிட்டது. அவருக்கு உயிரான திராட்சை, அவருடைய பக்கத்தில்கூட ஒன்றும் இல்லை.

திராட்சை தீர்ந்துபோயிருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். அலமாரியைத் திறந்தேன். பாட்டில் கழுத்துவரை நிறைந்திருந்தது. எடுத்துவந்து மேசையில் வைத்தேன்.

அக்கா அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மொத்தத்தையும் என் மூலையாக்கிட்டாரு" என்றாள்.

"கோபமே இல்லக்கா அவருக்கு. பாத்தியா? துளிகூட இல்ல" என்றேன். அவள் மனம் ஆறும் என்றுதான் சொன்னேன்.

"அன்னைக்கு ராத்திரி நான் முழிச்சிட்டுத்தான்டி இருந்தேன்" என்றாள் அக்கா. "அவர் கையைக் கழுவிட்டு வந்து படுத்தது தெரியும். தூங்கிட்டியான்னு கேட்டாரு. நான் சுவத்தைப் பாத்துப் படுத்திருந்தேன், திரும்பல. அப்படிச் சொல்லிட்டோமேன்னு உள்ளுக்குள்ள அடிச்சுக்கிச்சு. வாய்வரைக்கும் வந்துச்சு. சரி, நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்."

பிறகு அவள் பாட்டிலைத் திறந்தாள். அத்தான் வழக்கமாகச் சாப்பிடும் பக்கத்தில் ஒரு துண்டை எடுத்துத் தட்டில் வைத்து, அதன்மேல் ஒரு கைப்பிடி திராட்சையைப் போட்டாள். அவர் போடுகிற அளவுக்கு வரவில்லை என்று இன்னும் கொஞ்சம் போட்டாள். அதை எடுத்துக் கடித்து மென்றாள். முகம் கோணியது, கண்ணிலிருந்து கொட்டியது, ஆனால் துப்பவில்லை. முழுத் துண்டையும் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் பக்கத்தில் தண்ணீர் டம்ளரோடு நின்றிருந்தேன்.