நடை சாத்திய கட்டில்

நான் தாதி. எனக்கு எப்போதும் இரவு வேலைதான். பகலில் தூங்கினால்தான் அடுத்த ஊசி சரியான கையில் ஏறும். மலேசியாவில், புஞ்சாக் ஆலாமில் எங்கள் வரிசை வீட்டில் அது நடக்கிற காரியமா? ரொட்டிக்காரர் ஹார்ன் அடிப்பார், பக்கத்து வீட்டில் புல் வெட்டுவார்கள், வெயில் ஜன்னல் வழியே முகத்தில் அறையும். போதாததற்கு மாமியார். பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து வரும்போதெல்லாம், "பட்டப்பகல்ல பொம்பள படுத்தா வீடு வெளங்குமா?" என்பார்.

ஒருநாள் காலை வேலை முடிந்து வரும் வழியில், சிவப்பு விளக்கில் காரை நிறுத்தியவள் அப்படியே தூங்கிவிட்டேன். பின்னால் நின்ற லோரிக்காரன் ஹார்ன் அடித்து எழுப்பினான். வீட்டுக்கு வந்து பயத்தில் அழுதேன்.

அந்த வாரம்தான் கைப்பேசியில் அந்தக் கட்டிலைப் பார்த்தேன். பிரான்சின் மேற்குக் கரைக் கிராமங்களில் அந்தக் காலத்தில் அலமாரி மாதிரி கட்டில் செய்வார்களாம். உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டால் இருட்டு.

என் கணவர் தச்சர். வீடுகளுக்குக் கதவும் மணியும் வைத்த மரச் சாமி மேடை செய்வதுதான் தொழில். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இதுல மனுசன் படுப்பானா? சட்டைதான் தொங்கும் லா."

"செஞ்சு குடுங்க. இல்லாட்டி ஒருநாள் என்னை லோரிக்கு அடியில தேடுவீங்க."

அளவு நாடாவை எடுத்தார். மெராந்தி மரப் பலகை வந்து இறங்கியது.

இரண்டு மாதம் சோற்றிலும் மரத்தூள். ஆணியே இல்லாமல் பலகைக்குள் பலகையைச் செருகிப் பூட்டினார். படத்தில் இருந்தது சக்கரம் மாதிரி ஒரு பூ. அவர் கை தாமரையைத்தான் செதுக்கியது. காற்றுக்கு ஓட்டை போடச் சொன்னால், ஓட்டைக்கு ஒன்றாக வெண்கல மணியும் தொங்கவிட்டிருந்தார்!

"யோவ், நான் தூங்கணுமா, பூசை பண்ணணுமா?"

"கைப்பழக்கம்," என்று அசடு வழிந்தார். நாளைக்குக் கழற்றுகிறாராம். கட்டில் படுக்கையறைக்குள் நுழையாததால் ஹாலிலேயே, கிழக்குப் பார்த்து நின்றது.

மறுநாள் அதில் ஏறிக் கதவைச் சாத்திப் படுத்தேன். கண் அயரும் நேரம், வாசலில் சாவி திரும்பியது. மாமியாரிடம் ஒரு சாவி உண்டு.

"ஆத்தாடி, எம்மாம் பெரிய மேடை!" என்றது குரல். பிறகு, தனக்குத்தானே, "உச்சி நேரமாச்சே, நட சாத்தியிருக்கு."

மூடிய நடையை யார் திறப்பார்கள்? தொங்கிய மணிகளில் ஒன்றை ஆட்டினார். ஓட்டை வழியே கற்பூரப் புகை வந்தது. அவர் பையில் எப்போதும் கற்பூரம் இருக்கும். கத்தலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் வேண்டத் தொடங்கிவிட்டார்.

"தாயே, எம் மருமவ ராவெல்லாம் ஊராம்புள்ளைங்கள நின்னு பாக்குறா. ரோட்டுலயே தூங்கிட்டாளாம், எம் புள்ள சொல்லி அழுவுறான். அவளுக்குக் கண்ணு நெறைய தூக்கத்தக் குடு. நான் பேசுனத அவ மனசுல வச்சிக்கக் கூடாது."

மனசில்தான் வைத்திருந்தேன். ஒன்பது வருடமாக, ஒரு வார்த்தை விடாமல். அழுகை வந்தது.

"வச்சிக்கல அத்தை," என்றேன், உள்ளேயிருந்தே.

வெளியே கற்பூரத் தட்டு விழுந்து உருண்டது. கதவை நாலு விரல் திறந்தேன். நெஞ்சில் கை வைத்தபடி என் அவிழ்ந்த தலைமுடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடிப்பாவி! நீயா?"

இறங்கக் காலை நீட்டினேன்.

"எந்திரிக்காத, படு," என்று கதவை அவரே சாத்தினார்.

சாயங்காலம் என்னை எழுப்பியதும் அவர்தான். வேலை முடிந்து வந்த மகனை, "மெதுவாப் பேசுடா, அவ தூங்குறா!" என்று தெருவுக்கே கேட்க அதட்டிக்கொண்டிருந்தார்.