கூட்டேரிப்பட்டில் இறக்கிவைத்த கம்பளி

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பேருந்து கூட்டேரிப்பட்டில் பஞ்சராகி நிற்கிறது. உச்சி வெயில். நான் இமயமலைப் பக்கம் நடக்கப் போகிறேன். விழுப்புரத்தில் ரயில் பிடிக்க வேண்டும். காலையிலிருந்து மூடாமல் அடம்பிடிக்கும் முதுகுப்பையை, இந்தப் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையை அவித்து விற்கும் அக்காவின் பெஞ்சில் கவிழ்க்கிறேன்.

"ஒரு ஆளுக்கு இம்மாந் துணியா?" என்கிறார் அவர்.

"ஒண்ணு மேல ஒண்ணா போடணும்க்கா. உள்ள வேர்வையை இழுக்கறது, நடுவுல சூடு தர்றது, மேல காத்தைத் தடுக்கறது."

"அப்ப இந்த ஸ்வெட்டரு?"

அதுதான் தொல்லை. என் அண்ணி கடைசி நேரத்தில் திணித்த கம்பளி ஸ்வெட்டர் பாதிப் பையை அடைத்துக்கொள்கிறது.

அக்கா அதைத் தடவிப் பார்க்கிறார். "எம் பொண்ணு ஊட்டியில நர்ஸ் வேலைக்குப் போயிருக்கா. குளுருக்கு ரெண்டு நைட்டி போட்டுக்கினு தூங்கறாளாம்."

"அவங்களுக்கு அனுப்புங்கக்கா. எனக்கு மெல்லிசா இருக்கறதே போதும்."

"உங்க அண்ணி கோச்சிக்க மாட்டாங்களா?"

"நான் பேசிக்கறேன்."

கொஞ்சம் தயங்குகிறார். பிறகு சேலைக்கு மேலேயே அதை மாட்டிக்கொண்டு மகளை வீடியோ காலில் அழைக்கிறார்.

"அம்மா, கழட்டும்மா. இந்த வெயில்ல மயக்கம் போட்டு வுழப்போற," என்று மகள் சிரிக்கிறாள்.

"இருடி. உனக்குக் கை நீளம் சரியா இருக்குமா பாரு."

என் பை ஒரே இழுப்பில் மூடிக்கொள்கிறது. டயர் மாற்றியாகிவிட்டது, ஓடிப்போய் ஏறுகிறேன். சன்னல் வழியே பார்த்தால் அக்கா இன்னும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. முகமெல்லாம் வேர்த்து வழிய, மல்லாட்டை வாங்க வந்தவரிடம் ஊட்டிக் குளிரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.