வயர்லெஸ் அறையில் இரண்டு பக்கம்

ஒரு வேலைநிறுத்தத்தின்போது நண்பர் ஒருவரைக் காட்டிக்கொடுத்தேன். எழுபதுகளின் கடைசியில், நெய்வேலிச் சுரங்கத்தில் நான் வயர்லெஸ் ஆபரேட்டர்.

யார் வேலைக்குப் போகாவிட்டாலும் நிலத்தடி நீரை இறைக்கும் பம்புகள் நிற்கக் கூடாது; நின்றால் சுரங்கம் மூழ்கிவிடும். அதனால் பம்ப் ஆட்களையும் என்னையும் சங்கத்தாரே கேட்டில் வழிவிட்டு அனுப்பினார்கள். உள்ளே அதிகாரி காபி கொடுத்து, சங்கம் என்ன செய்யப்போகிறது என்பார். சொல்வேன். வெளியே சங்கத்தார் டீ வாங்கிக் கொடுத்து, அதிகாரி என்ன செய்யப்போகிறார் என்பார்கள். அதையும் சொல்வேன்.

"நீங்க யார் பக்கம்?" என்றாள் மனைவி.

"கேக்கறவங்க பக்கம்," என்றேன். இருவரும் சிரித்தோம். அப்போது அது சாமர்த்தியமாகத் தெரிந்தது.

நண்பர் பக்கத்துக் கிராமமான வடக்குத்துக்காரர், பம்ப் ஹவுஸில் கான்ட்ராக்ட் ஆள். அந்த வருடம் பெர்மனென்ட் ஆக வேண்டியவர். வேலைநிறுத்தக்காரர்களுக்குப் பதிலாக வெளியாட்களை ஏற்றி வரும் பஸ்ஸைப் பண்ருட்டி ரோட்டில் மறிக்க ஆள் திரட்டுவதாக என்னிடம் சொல்லியிருந்தார். அதிகாரி ஜீப்பிலிருந்து வயர்லெஸ்ஸில் என்னைக் கூப்பிட்டு, திரட்டுவது யார் என்று கேட்டார். எல்லா பம்ப் ஹவுஸுக்கும் அதே சேனல்தான். இங்கிலீஷில் சொன்னால் யாருக்குப் புரியும் என்று நினைத்துப் பெயரைச் சொல்லிவிட்டேன்.

வேலைநிறுத்தம் முடிந்து வந்த பெர்மனென்ட் பட்டியலில் அவர் இல்லை.

அதிகாரியிடம் போய், நான் சொன்னது பொய் என்றேன்.

"எந்தப் பொய்? எங்ககிட்ட சொன்னதா, அவங்ககிட்ட சொன்னதா?" என்றவர் தலை நிமிரவில்லை.

வடக்குத்துக்குப் போனேன். நண்பர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். வயர்லெஸ்ஸில் அவர் பெயரைச் சொன்னதைச் சொன்னேன்.

"தெரியுங்க. பம்ப் ஹவுஸ்ல வயர்லெஸ் செட்டாண்ட உக்காந்து கேட்டுக்கினுதான இருந்தேன்."

"இங்கிலீஷ்ல..."

"எந்த பாஷையில சொன்னாலும் எம்பேரு எம்பேருதானங்க."

"நான் இப்ப என்ன செய்யணும்?"

"வேலை சரியில்லன்னுதான் என்னைத் தள்ளிட்டாங்கன்னு சங்கத்துல நெனைச்சிக்கினு இருக்காங்க. இதையே கேட்டாண்ட வந்து சொல்லுங்க."

மறுநாள் ஷிப்ட் மாறும் நேரத்தில், கேட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். என் சைக்கிளில் யாரோ காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். குவார்ட்டர்ஸ் வரை தள்ளிக்கொண்டு போனேன். சங்கம் அவருக்காகப் பேச ஆரம்பித்தது. சில வருடங்கள் கழித்து அவர் பெர்மனென்ட் ஆனார். ஆனால் விட்டுப்போன சீனியாரிட்டி திரும்ப வரவில்லை. தான் வேலை கற்றுக்கொடுத்தவர்களுக்குக் கீழேயே ரிட்டயர் ஆகும்வரை வேலை பார்த்தார்.